ஒத்தக்கண்ணு மடவை

காலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா ஒதுக்கிக்குங்க தம்பி. ட்ரம்மு மேல இடிச்சிடாம. ஆங், அப்படித்தான். உள்ள உசுரு இருக்கு. பயப்படாதீங்க, மீனுதான். ஒரே ஒரு மடவை மீனு. மூடியத் தொறந்து காட்டலாம், ஆனா துள்ளும். மடவை துள்ளுச்சுன்னா இந்த ஜன்னல் வழியா ரோட்டுக்கே போயிடும். அப்புறம் நானும் பின்னாலயே குதிக்க வேண்டியதுதான்.

அந்த புளுக் புளுக்குங்கிற சத்தமா? அது காத்து மோட்டரு. வண்ண மீன் விக்கிற கடையில வாங்குனது, பேட்டரியில ஓடும். அது ஓடுனாத்தான் இவருக்கு மூச்சு. டிக்கெட்டு எடுத்திருக்கேன் இவருக்கு. கண்டக்டர் தம்பி, "மீனுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா"ன்னு நக்கல் வேற. லக்கேஜுன்னு போட்டுத் தொலைப்பான்னுட்டேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. ஒரு மீனுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமான்னு தோணுது, இல்ல? இது வெறும் மீனு இல்ல தம்பி, என் லைசன்சு. நாளைக்கு ஆபீசு மேடம் வர்றப்ப இது என் பண்ணைக் குட்டையில உசுரோட நீந்திக்கிட்டு இருக்கணும். நீந்துச்சுன்னா லைசன்சு புதுப்பிச்சுடுவாங்க. மல்லாந்துச்சுன்னா கரண்டைப் புடுங்கிடுவாங்க. கரண்டு போனா, தண்ணியில காத்தடிக்கிற சக்கரமெல்லாம் நின்னுடும். சக்கரம் நின்னா, குளம் பூரா வளந்து நிக்கிற இறாலு ஒரே ராத்திரியில மிதக்கும். அதோட இந்த தியாகசுந்தரத்தோட கதை கந்தல்.

ஆமா, தியாகசுந்தரம் நான்தான். ஊரு கோரைத்திட்டு. இறால் பண்ணை வச்சிருக்கேன். சீர்காழியில எந்த இறால் தீனிக் கடையில வேணா கேட்டுப் பாருங்க, என்னைத் தெரியாதவன் கிடையாது. நான் யார் வம்புக்கும் போகாதவன். எறும்பைக் கூட மிதிக்க யோசிப்பேன். அப்பேர்ப்பட்டவனை இப்படி ட்ரம்மும் கையுமா பஸ்ஸுல அலைய விட்டது யாருன்னு நெனைக்கிறீங்க? என் மச்சான். பொண்டாட்டி கூடப் பொறந்தவன். ராஜமாணிக்கம்னு பேரு. நாலு பேரு நல்லவன்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க.

விஷயத்தை மொதல்லேருந்து சொல்றேன். நீங்க எறங்க இன்னும் நேரம் இருக்குல்ல?

இறால் குளத்துத் தண்ணி இருக்கே, அதை அப்படியே வெளிய விடக்கூடாதுன்னு சட்டம் போட்டு வச்சிருக்காங்க. இறாலு தின்னது போக மிச்சத் தீனி, அதுங்க பேண்டது, செத்தது, நாம போட்ட மருந்து எல்லாம் அடியில கறுகறுன்னு சேறாக் கெடக்கும். அந்தத் தண்ணிய மொதல்ல தனியா ஒரு குட்டையில விட்டு நிறுத்தணுமாம். சேறு அடங்கணுமாம். அதுல மடவை மாதிரி மீனை விட்டா, மிச்சம் மீதியெல்லாம் தின்னு தெளிய வைக்குமாம். தெளிஞ்சதுக்கப்புறம்தான் வாய்க்கால்ல விடணுமாம். ஏசி ரூமுல உக்காந்து யோசிச்சா இப்படியெல்லாம்தான் தோணும்.

நான் குட்டை வெட்டலேன்னு எவனும் சொல்ல முடியாது. நல்லாப் பெருசாவே வெட்டுனேன். வெட்டி முடிச்சுக் கரையில நின்னு பாத்தேன். பாத்ததும் மனசு கேக்கல தம்பி. இவ்வளவு லட்சணமான குட்டையில போயி சாக்கடையத் தேக்கி வைக்கிறதா? அதுலயும் இறால் குஞ்சு விட்டுட்டேன். விவசாயி மனசு. ஒரு துண்டு எடம் சும்மா கெடந்தா எனக்குச் சோறு எறங்காது.

அப்ப அழுக்குத் தண்ணி எங்க போவும்ங்கிறீங்களா? நல்லாக் கேட்டீங்க. எங்க ஊரு உப்பனாத்துல கடல் தண்ணி ஏறும், வத்தும். வத்துற நேரமாப் பாத்து மடையத் தூக்கி விட்டா, வாய்க்கால் வழியா ஓடி, ஆத்துல எறங்கி, நேரா கடலுக்குப் போயிடும். கடலு எம்மாம் பெருசு! நம்ம ஒரு குளத்துத் தண்ணி அதுக்கு என்ன, கொசு மூத்திரம். சில நாளு கணக்குத் தப்பிடும், ஏறுற தண்ணியோட அது திரும்பி வந்துடும். வந்தா என்ன? நானே பம்பு போட்டு மறுபடியும் குளத்துக்கு எடுத்துக்குவேன். எதையும் வீணாக்குறது எனக்குப் புடிக்காது.

அதனாலதான் இறாலுக்கு நோய் வருதா? ஏன் தம்பி, நீங்களும் ராஜமாணிக்கம் கட்சியா? அவனும் இதையேதான் சொல்றான். நோய் எல்லாருக்கும்தான் வருது. அது காத்துல வருது.

எங்க பக்கத்துல பண்ணை வச்சிருக்கவங்க எல்லாரும் என்னைப் போல புத்திசாலிங்கதான். ராஜமாணிக்கம் ஒருத்தன்தான் கோட்டி, கிறுக்கன். நெசமாவே குட்டை வெட்டி, நெசமாவே அதுல சாக்கடைய விட்டு, நெசமாவே மடவை வளக்குறான். அவன் குட்டைத் தண்ணியில மொகம் பாத்துத் தலை சீவலாம். கொக்கும் நாரையும் அங்கதான் குடும்பம் நடத்துது. அந்த மடவைங்கள அவன் பேரு வச்சுக் கூப்புடாத கொறைதான்.

ஆனா கோட்டிக்காரனாலயும் ஊருக்கு ஒரு உபகாரம் இருந்துச்சு. எவன் பண்ணைக்கு ஆபீசு ஜீப்பு வருதுன்னு சேதி தெரியுதோ, அவன் விடிகாலையிலயே ராஜமாணிக்கத்துக்கிட்ட போவான். ரெண்டு ட்ரம்மு மடவைய இரவல் வாங்கிட்டு வருவான். பொண்ணு பாக்க வர்றப்ப பக்கத்து வீட்டு ஆரத்தை வாங்கிப் போட்டுக்குவாங்களே, அது மாதிரி. ஆபீசர் வருவாரு, கரையில நிப்பாரு, மீனு ரெண்டு துள்ளு துள்ளும். "பேஷாப் பராமரிக்கிறீங்களே"ம்பாரு. எளநி குடிப்பாரு, போயிடுவாரு. சாயங்காலம் வலை போட்டு அள்ளித் திருப்பிக் குடுத்துடணும். அது ஒரு மரியாதை. சில மடவை தப்பிச்சு இறாலோட இறாலா நின்னுடும், அதைக் கண்டுக்கக் கூடாது. அந்த மீனுங்களுக்கும் எல்லாப் பண்ணையும் அத்துப்படி ஆயிடுச்சு. டெம்போ சத்தம் கேட்டா அதுங்களே கரையோரம் வந்து நிக்கும்னு எங்க ஊர்ல பேசிக்குவாங்க.

குடுக்கறப்ப குடுத்துட்டுப் பேசாம இருக்கலாமுல்ல? மாட்டான். ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டு. "மாமா, குட்டையில இருக்குற இறாலை அள்ளிட்டு ஒரு பட்டம் சும்மா விட்டுப் பாருங்க மாமா. சேறு அடங்கட்டும் மாமா. உங்க இறாலுதான் மாமா நல்லா இருக்கும்"னு ஆயிரம் மாமா போடுவான். மாப்ள, மீனு கேட்டா மீன மட்டும் குடுன்னு சொல்லிட்டு டெம்போவை எடுத்துடுவேன்.

இப்படியே வண்டி நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கீழத்தெருப் பொம்பளைங்கதான் கெடுத்தாங்க. என் பண்ணைக்குக் கீழண்டைப் பக்கம் அவங்க தெரு. அங்க அடி பைப்புல தண்ணி உப்பாயிடுச்சாம், நாறுதாம். அமராவதின்னு ஒருத்தி, அவதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. நாலு பேரைச் சேத்துக்கிட்டு ஆபீசுல போயி மனு குடுத்துட்டா. என் பண்ணைத் தண்ணிதான் காரணமாம். பூமிக்கு அடியில இருக்குற தண்ணிக்கு நான் என்ன பண்ணுவேன் தம்பி? நான் பூமிக்கு மேலதானே விடுறேன்? அப்புறம் உப்புன்னா என்ன, விஷமா? எல்லாரும் உப்புப் போட்டுத்தானே சோறு திங்கிறோம்!

மனு போனதும் புது மேடம் வந்தாங்க. ஜெயசீலின்னு பேரு. தூத்துக்குடிப் பக்கம், கடக்கரையில பொறந்து வளந்தவங்க. சேதி தெரிஞ்சதும் நானும் வழக்கம் போல ராஜமாணிக்கத்துக்கிட்ட ரெண்டு ட்ரம்மு மீனு வாங்கியாந்து குட்டையில விட்டுட்டேன். எளநி சீவி வச்சாச்சு. மேடம் ஜீப்ப விட்டு எறங்குனாங்க. எளநிய நீட்டுனேன். "வேணாங்க, தண்ணி பாட்டில் இருக்கு"ன்னாங்க. எளநி குடிக்காத ஆபீசரை நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல.

நேரா குட்டைக்கரைக்குப் போயி குத்துக்கால் போட்டு உக்காந்துட்டாங்க. அமராவதியும் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்க வந்துட்டா. மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து மூடுது. மேடம் கேட்டாங்க, "ஏங்க எல்லா மீனும் மேல வந்து வாயைப் பொளக்குது?"

நான் சும்மா இருப்பேனா? "உங்களுக்கு வணக்கம் சொல்லுது மேடம்"னேன்.

மேடம் என்னை ஒரு பார்வை பாத்தாங்க. மறுபடியும் தண்ணியப் பாத்தாங்க. சட்டுனு கைய நீட்டி, "அந்த ஒத்தக்கண்ணு மடவைய நேத்து தெக்குப் பண்ணையில பாத்தேனே"ன்னாங்க.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு தம்பி. உத்துப் பாக்குறேன், ஆமா, ஒரு மடவைக்கு ஒரு பக்கக் கண்ணு இல்ல. வெள்ளையா மூடிக் கெடக்கு. அத்தனை மீனுல அது ஒண்ணுதான் கரையோரமா வந்து மொகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுது. ராஜமாணிக்கத்துக்குத் தெரியாமயா இருக்கும், மொத நாளு தெக்குப் பண்ணைக்குப் போயிட்டு வந்த மீனுன்னு? வேணும்னே என் ட்ரம்முல போட்டிருக்கான். அங்க ஆரம்பிச்சதுதான் இவ்வளவும்.

ஆனா நான் லேசுப்பட்ட ஆளா? "ஆமா மேடம், தெக்குப் பண்ணை நமக்கு சம்பந்தி மொறை. இது ரெண்டு நாளு விருந்துக்கு வந்திருக்கு"ன்னேன். அமராவதி சிரிச்ச சிரிப்புல இடுப்புக் குடம் நழுவித் தண்ணியெல்லாம் கொட்டிப் போச்சு. கொட்டுன தண்ணியப் பாத்ததும் அவ சிரிப்பு நின்னுடுச்சு. மொறைச்சா பாருங்க என்னை, நானா தட்டி விட்டேன்?

மேடம் சிரிக்கல. அமைதியா எழுந்திருச்சு, கைய ஒதறிக்கிட்டுச் சொன்னாங்க. "விருந்தாளின்னா நல்லாக் கவனிக்கணுங்க. நான் அடுத்த மாசம் மறுபடி வருவேன். இந்த ஒத்தக்கண்ணன் இதே குட்டையில, இதே மாதிரி நீந்திக்கிட்டு இருக்கணும். இருந்தா அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இல்லேன்னா கரண்டை நிறுத்த எழுதிடுவேன்."

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கொண்டாட்டம். இவ்வளவுதானா! ஒரு மீனு நீந்தணும், அம்புட்டுத்தானே? பைப்பைப் பாக்கல, மடையப் பாக்கல, தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சுக்கிட்டுப் போகல. படிச்சவங்கன்னுதான் பேரு, என்னமா ஏமாந்துட்டாங்க பாருன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அன்னைக்கு மீனைத் திருப்பிக் குடுக்காம குட்டையிலயே விட்டுட்டேன். மறுநாள் காலையில போயிப் பாக்குறேன், அத்தனை மடவையும் மல்லாந்து கெடக்கு. ஒத்தக்கண்ணன் உள்பட.

வந்துச்சே கோவம்! செத்த மீனை ஒரு கூடையில அள்ளிக்கிட்டு ராஜமாணிக்கம் வீட்டு வாசல்ல போயிக் கொட்டுனேன். "ஏண்டா, சீக்காளி மீனாப் பொறுக்கிக் குடுத்து என் குடியக் கெடுக்குறியா"ன்னு கேட்டேன். அவன் ஒவ்வொண்ணா எடுத்து, செவுளை விரிச்சுப் பாக்குறான். கண்ணு கலங்குது அவனுக்கு. மீனுக்கு அழுவுறவன எங்கயாவது கண்டிருக்கீங்களா? "மாமா, பாருங்க, செவுள் பூராச் சேறு அடைச்சிருக்கு"ங்கிறான். மீனு செவுள்ல சேறு இல்லாம சந்தனமா இருக்கும்? அது என்ன தெனம் பல்லு வெளக்குதா? நறுக்குன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

அன்னைக்கோட இரவலை நிறுத்திட்டான். எனக்கு மட்டுமில்ல, ஊருக்கே. இப்ப தெக்குப் பண்ணைக்காரன்லாம் என்னால கெட்டுச்சுன்னு என்னைத் திட்டுறான். கேட்டுக்குங்க கொடுமைய.

வீட்டுக்கு வந்து மங்கைகிட்ட, அதான் என் வீட்டுக்காரி, மிச்ச மீனைக் கொழம்பு வைன்னேன். ஒண்ணை எடுத்துப் பூனைக்குப் போட்டா. பூனை மோந்து பாத்துட்டுத் தள்ளிப் போயி உக்காந்துக்கிச்சு. இவ உடனே அத்தனையும் கொல்லையில கொண்டுபோயிப் பொதைச்சுட்டா. அவ தம்பி வீட்டு மீனு, பாசம்.

அப்புறம் தொடங்குச்சு என் அலைச்சல். ஒத்தக்கண்ணு மடவை வேணும். பழையாறு துறைமுகத்துல ஒவ்வொரு படகா ஏறி எறங்குனேன். "ஒத்தக்கண்ணுல மடவை இருக்கா, உசுரோட"ன்னு கேட்டா, "ஏன் அண்ணே, ஜோசியரு பரிகாரம் ஏதும் சொன்னாரா"ங்கிறானுங்க. இன்னொருத்தன், "அதே மாதிரி ஒத்தக்கண்ணுல பொண்ணு மடவையும் ஒண்ணு இருக்கு, ஜோடியா எடுத்துக்குறீங்களா"ன்னான். எல்லாத்தையும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டேன். காரியம் ஆகணுமே.

கடைசியில வீச்சு வலைக்காரரு ஒருத்தரு புடிச்சுக் குடுத்தாரு. கொண்டாந்து விட்டேன். சாயங்காலமே போச்சு. சரி, ஒத்தக்கண்ணு மீனுக்கு ஆயுசு கம்மி போலன்னு நெனைச்சு, ரெண்டு கண்ணும் நல்லா இருக்குற மடவையா ஒண்ணு வாங்கி, ஒரு கண்ணை மட்டும்... நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள மங்கை கத்துறா, "சாமி கண்ணைக் குத்தும்"னு. நமக்கு வேற சுகரு இருக்கு, கண்ணு விஷயத்துல வெளையாடக் கூடாதுன்னு விட்டுட்டேன். பிளாஸ்திரி ஒட்டுனா நிக்குமான்னு மெடிக்கல்ல விசாரிச்சேன். கடைக்காரம்மா யாருக்குன்னு கேட்டாங்க. மீனுக்குன்னேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க.

இதோ இது வெளியூரு மீனு. காலையிலதான் கெடைச்சுது. கடலு முகத்துவாரத்துல வளந்தது, திடகாத்திரம். என்ன, அந்தப் பழைய மீனுக்கு இடது கண்ணா வலது கண்ணான்னுதான் ஞாபகம் இல்ல. மேடம் மட்டும் ஞாபகமா வச்சிருப்பாங்க? இந்தச் சின்ன ட்ரம்முக்குள்ள எப்படிச் சுத்திச் சுத்தி வருது பாருங்க, சத்தம் கேக்குதா? அதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. ட்ரம்முல இருக்குற வரைக்கும் ராஜா மாதிரி இருக்கும். என் குட்டையில அவ்வளவு எடத்தைத் தாராளமாக் குடுத்தா, படுத்துக்கும். நன்றி கெட்ட மீனு.

இருங்க, ஸ்டாப்பிங் வந்துடுச்சு. அட, இங்கயா ஏறுறா? பாத்தீங்களா, இவதான் நான் சொன்ன அமராவதி. கூட அந்தத் தெருப் பொம்பளைங்க. கையில குடத்தைப் பாருங்க, இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. இந்தச் சத்திரத்துப் பைப்புல நல்ல தண்ணி புடிச்சு தெனம் பஸ்ஸுல தூக்கிட்டுப் போறாங்க. ஏம்மா, பாத்து வைம்மா, ட்ரம்மு இருக்கு. என்ன ட்ரம்மா? அதெல்லாம் உனக்கு எதுக்கு? அசலூரு விருந்தாளி. என்ன சிரிப்பு?

தம்பி, மொகத்தைத் திருப்பிக்குங்க. பேச்சுக் குடுத்தா அவ விட மாட்டா.

ஏன் வண்டி நிக்குது? கண்டக்டர் தம்பி, என்னய்யா? பஞ்சரா? சரி, டயரை மாத்துங்கப்பா. ஸ்டெப்னி இருக்கா? இருக்குது, ஜாக்கிதான் இல்லையா? நல்லா இருக்குய்யா உங்க லட்சணம். டெப்போவுலேருந்து வரணுமா? வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, நடுரோட்டுல நிறுத்திட்டு...

என்ன தம்பி சொல்றீங்க? சத்தமா? எந்தச் சத்தம் நின்னுடுச்சு? ஐயையோ! மோட்டரு! புளுக் புளுக்கு எங்க? பேட்டரி போச்சே! வேற பேட்டரி வாங்க நெனைச்சேன், வாங்காம வந்துட்டேனே, பாவி! மூடியத் தொறங்க, தொறங்க. ஐயோ, மேல வந்துட்டான். வாயைப் பொளக்குறானே! என்னது? வணக்கம் சொல்லுதா? இதுதான் கிண்டல் பண்ற நேரமா தம்பி, என் உசுரே போயிக்கிட்டு இருக்கு!

தண்ணி மாத்தணும். புதுத் தண்ணி வேணும், உடனே! கண்டக்டர் தம்பி, ஒரு பக்கெட்டுத் தண்ணி கெடைக்குமாப்பா? இருக்கா? நீ தங்கம்யா. ஓடு, ஓடு. அந்தப் பக்கம் எங்க போற? வாய்க்காலுக்கா? இது எந்த வாய்க்காலு? அட, நம்ம பண்ணை வாய்க்காலு... யோவ்! யோவ் நில்லுய்யா! அந்தத் தண்ணியா? அதை மொள்ளாதய்யா! அதை ஊத்துனா மீனு செத்துப் போயிடும்யா!

என்ன?

ஏன் எல்லாரும் என் பக்கம் திரும்புறீங்க? நான் இப்ப என்ன சொல்லிட்டேன்? ஒரு மீனைக் காப்பாத்தத்தானே... தம்பி, நீங்களும் ஏன் இப்படிப் பாக்குறீங்க?

என்ன அமராவதி? உங்க தெருப் புள்ளைங்க அதுலதான் தெனம் குளிக்குதுங்களா? சொறி சொறியா வருதா? அது வேற, இது வேறம்மா. நாளைக்கு மேடம் வந்து உங்க புள்ளைங்களையா எண்ணிப் பாக்கப் போறாங்க? மீனைத்தானே பாப்பாங்க!

கோவப்படாதீங்க, யாரும் கோவப்படாதீங்க. வாய் தவறி வந்துடுச்சு. அமராவதி, உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன், ஒரு குடம் தண்ணி குடும்மா. பாரு, ஒருச்சாஞ்சு போறான். ஒரே ஒரு குடம். என்ன வேணாலும் கேளு, தர்றேன்.

என்னது? மீனு வேணுமா? மீனு எதுக்கு உனக்கு? கொழம்புக்கா? பின்ன? உன் வீட்டுல இருக்கணுமா? நாளைக்கு மேடம் வந்ததும் நீயே தூக்கியாந்து, அவங்க கண்ணு முன்னாடி என் குட்டையில விடுவியா? விட்டுட்டு? எல்லாருமா கரையில உக்காந்து, அவங்க கெளம்புற வரைக்கும் அது நீந்துதா பாப்பீங்களா? ஏம்மா, இது அநியாயமா இல்ல? மீனு என்னுது, லைசன்சு என்னுது...

சரி! சரி! சம்மதம்! ஊத்து! ஐயோ, பேரம் பேச நேரமில்ல, ஊத்தித் தொலை! ஆங், பைய, பைய. இன்னொரு குடமும் ஊத்தும்மா. புண்ணியமாப் போவும். தம்பி, பாருங்க, வாலு ஆடுதா? ஆடுது! நிமிந்துட்டான்! அப்பாடி, என் ராசா, நிமிந்துட்டான்யா!

இந்தா, எங்கம்மா தூக்குற? அதுக்குள்ளயா? கீழத்தெரு கூப்பிடு தூரம்தான், சரி. ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்க. ஆட்டாமத் தூக்கிட்டுப் போங்க. மேட்டுல பாத்து. அமராவதி, தண்ணிய மட்டும் நல்ல தண்ணியா மாத்தும்மா! உங்க அடி பைப்புத் தண்ணிய ஊத்திடாத!

என்ன சொல்லிட்டுப் போறா? "அது எங்களுக்குத் தெரியாதா"ன்னா? பாத்தீங்களா தம்பி திமிரை? பட்டப்பகல்ல, பஸ்ஸு நிறைய ஆளு இருக்கறப்ப, என் லைசன்சைத் தூக்கிட்டுப் போறாங்க. ஒருத்தரும் ஏன்னு கேக்கல. கண்டக்டரு கைய வேற தட்டுறான். எல்லாம் ராஜமாணிக்கத்தால வந்தது.

போனை எடுத்துக்குறேன், இருங்க.

ஹலோ, மங்கை? நான்தான். மீனு கெடைச்சுடுச்சு. உசுரோடதான். இல்ல, என்கிட்ட இல்ல, ஒரு எடத்துல பத்திரமா இருக்கு, வந்து சொல்றேன். நீ கேளு. குட்டையில இருக்குற இறாலை வலை போட்டு வாரி வேற குளத்துல விடச் சொல்லு. வாரிட்டு மோட்டரைப் போட்டு அந்தத் தண்ணிய பூரா எறைக்கச் சொல்லு. எங்க விடுறதா? வாய்க்கால்லதான், வேற எங்க விடுவ?

எறைச்சுட்டு நல்ல தண்ணி ரொப்பணும். நாளைக்குள்ள. எந்தத் தண்ணியா? ஆத்துத் தண்ணி வேணாம், அது நாம விட்டதுதானே. போர்த் தண்ணியும் ஆகாது, நீயே அதுல பாத்திரம் கழுவ மாட்டேங்குற. என்ன, உன் தம்பி குட்டையிலேருந்து கேட்டு வாங்கலாமா? அவன் பேரை எடுக்காத. அவன்கிட்ட போயி நான் தண்ணிக்கு நிக்கணுமா?

ஒண்ணு பண்ணு. நம்ம வீட்டுக்கு கேன் தண்ணி போடுறானே, அவனுக்குப் போனைப் போடு. ஆமாடி, குடிக்கிற தண்ணிதான். மூடி ஒட்டுன கேனா. எத்தனையா? குட்டை நிறையுற வரைக்கும் கொண்டாந்து ஊத்தச் சொல்லு.